ஐந்து வயது வீடும் ஐம்பது வயது வயிறும்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பக்கம் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஓமத்தண்ணீர் என்பார் ஒருவர். சோடா குடி என்பார் இன்னொருவர். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை தருவான் என்பார் மூன்றாமவர். மருந்தில்தான் இந்த வேறுபாடு. நோய்க்குப் பெயர் வைப்பதில் எல்லோருக்கும் ஒரே குரல். சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொண்டால் அல்சர். புளியேப்பம் வந்தால் அல்சர். விடியற்காலையில் மேல்வயிறு எரிந்தால் சந்தேகமே வேண்டாம், அல்சர்தான்.

இரண்டு தலைமுறைக்கு முன் இப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. தங்கவயலில் மட்டுமல்ல, தென்னிந்தியா முழுவதுமே முன்சிறுகுடல் புண் உழைக்கும் ஆண்களை வாட்டிய நோய். இன்று அதே எரிச்சலோடும் அதே உப்புசத்தோடும் போய் எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் புண் இருக்கிறது. தொல்லை அப்படியே இருக்கிறது, அதன் காரணங்கள் மாறிவிட்டன.

இந்த மாற்றத்தை எண்ணிக்கையாகப் பிடித்துவைத்த இடம் வேலூர். தங்கவயல்காரர்களுக்கு வேலூர் அந்நிய ஊர் அல்ல; சுரங்கத்தில் இறங்க வந்தவர்களில் பெரும்பகுதியினர் பழைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். பெரிய நோய் என்றால் இன்றும் பலர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். அந்த ஆஸ்பத்திரியின் குடல் நோய் மருத்துவர்கள் 1988 முதல் 2008 வரையிலான எண்டோஸ்கோபி பதிவுகளை எடுத்து ஒப்பிட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். 1988இல் பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு முன்சிறுகுடலில் புண் இருந்தது. 2008இல் அது நூற்றுக்கு 2.9 ஆகிவிட்டது. இரைப்பையில் வரும் புண்ணும் 4.5லிருந்து 2.7ஆக இறங்கியது. ஆனால் முன்சிறுகுடல் புண் விழுந்த வேகம் வேறு. இருபதே ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கு மறைந்துவிட்டது. தடுப்பூசி எதுவும் போடவில்லை, அரசு இயக்கம் எதுவும் நடக்கவில்லை. ஒரு நோய் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதல்ல.

அது எங்கே போனது என்று பார்ப்பதற்கு முன், அதைப் பார்க்கிற கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாய் விடுவார்கள் என்றாலே பலருக்கு நடுக்கம்.

வயிற்றுக்குள் பார்க்கும் ஆசை பழையது. 1868இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்து நேரான உலோகக் குழாயை விழுங்கவைத்துப் பார்த்தார். குழாய் போனது, வெளிச்சம் போகவில்லை. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் குழாயைக் கொண்டுவந்தார். ஆனாலும் மூலை முடுக்குகள் தெரியவில்லை. ஒளியை வளைத்து அனுப்ப வழி வேண்டியிருந்தது. அந்த வழியைக் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி செய்த அவர், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து அதன் வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் நிரூபித்தார். அந்தக் கட்டுரையைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்தார். 1957இல் முதலில் தானே அதை விழுங்கிப் பார்த்தார். சில நாட்களில் ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். அந்த நோயாளிக்கு இருந்தது முன்சிறுகுடல் புண். அதுவரை அதை உயிருள்ள உடலில் கண்டறிய இருந்த முக்கிய வழி, வெள்ளையான பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேதான். நிழலைப் பார்த்துப் புண்ணை ஊகித்துக்கொண்டிருந்தவர்கள் அன்று முதல் புண்ணையே பார்த்தார்கள்.

இப்போதுள்ள கருவியில் கண்ணாடி இழைக்குப் பதில் நுனியில் குட்டிக் கேமரா. ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கிடையில் ஒரு வளையத்தைக் கொடுத்து, சுண்டுவிரல் பருமனுள்ள குழாயை உள்ளே செலுத்துவார்கள். வெளிறிய ரோஜா நிறத்தில் உணவுக்குழாய் தெரியும். பல்லிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தாண்டியதும் ஒரு கோணல்மாணலான எல்லைக்கோடு வரும். அதற்கு அந்தப்புறம் சதையின் நிறமே சிவப்பாக மாறும். இரைப்பை அங்கே தொடங்குகிறது. கொஞ்சம் காற்றைச் செலுத்தியதும் மடிப்புகள் விரிந்து இடம் திறக்கும். இரைப்பையின் கடைசிப் பகுதியில், நிமிடத்துக்கு மூன்று முறை, சுருங்கும் அலை ஒன்று மெதுவாகச் சிறுகுடலுக்குத் திறக்கும் வாயிலை நோக்கிப் போவதைத் திரையில் பார்க்கலாம். நாம் பிறந்தது முதல் நம்மைக் கேட்காமல் நடக்கிற வேலை அது. வாயில் திறக்கும் நேரம் பார்த்துக் குழாயை நுழைத்தால் முன்சிறுகுடல். பித்தத்தின் மஞ்சள் அங்கே தெரியும். திரும்பும்போது குழாய் தன் நுனியை வளைத்து, தான் வந்த வழியைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஐந்து முதல் பத்து நிமிடம்.

முன்பு இந்தக் கடைசி வாயிலைத் தாண்டியதும்தான் புண் காத்திருந்தது. வெள்ளைப் படிவு மூடிய ஒரு குழி, சுற்றிலும் சிவந்த வீக்கம். நாள்பட்டால் தழும்பு இறுகி வழியே அடைபடும். நேற்றுச் சாப்பிட்டது இன்று மாலை வாந்தியாக வரும்.

இந்த நோய் தெற்கை ஏன் பிடித்தது என்று கேட்டவர்களில் முதன்மையானவர் ஒரு மலையேறி. 1922இல் மல்லோரியுடன் எவரெஸ்ட்டுக்குப் போன குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல், மலையிலிருந்து இறங்கியதும் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே வந்தார். அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்தார். லண்டனில் தனக்கு அமையவிருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போய்வந்த பிறகும் அவருடைய ஊர் நெய்யூர்தான். அவரிடம் வந்த வயிற்று நோயாளிகளில் முன்சிறுகுடல் புண்காரர்கள் அவ்வளவு பேர். இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்து அடைப்பைத் தாண்ட வைக்கும் அறுவை சிகிச்சையை அவர் இடைவிடாமல் செய்தார். பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் அறுவை சிகிச்சை கற்பித்தார். மேல்வயிற்றில் நெட்டுக்குத்தாக நீண்ட தழும்போடு அந்தக் காலத்தில் திரிந்த ஆண்கள் இவரைப் போன்றவர்களின் கையால் பிழைத்தவர்கள்.

குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவைக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டில் வளர்ந்த எலிகளுக்கு இரைப்பைப் புண் அதிகம், வடமேற்கின் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உணவில் வளர்ந்தவை நலமாக இருந்தன. பிறகு ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1960களில் ரயில்வே ஊழியர்களை வைத்தே நாட்டை அளந்தார். ஒரே துறை, ஒரே சம்பள விகிதம், ஒரே மாதிரியான ஆஸ்பத்திரி. இருந்தும் தெற்கிலும் கிழக்கிலும் அரிசி சாப்பிடும் ஊழியர்களிடம் புண் பன்மடங்கு கூடுதலாக இருந்தது.

மைசூர் நகரத்தின் ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியில் 1950களிலும் 60களிலும் இருந்த மருத்துவர் ஃப்ராங்க் டோவே இந்தக் கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். இங்கிலாந்து திரும்பிய பின்பும் விடவில்லை. 1979இல் இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் புண்ணின் பரவலை ஊர் ஊராகத் தொகுத்து எழுதினார். புண் குறைந்த ஊர்களின் உணவைக் கொண்டுவந்து எலிகளிடம் சோதித்தபோது, தவிடு நீக்காத கோதுமை, சில சிறுதானியங்கள், கொள்ளு ஆகியவற்றில் இருந்த கொழுப்புப் பகுதி புண்ணைத் தடுத்தது. நாள்பட இருப்பு வைத்த அரிசித் தவிட்டின் எண்ணெயோ புண்ணை உண்டாக்கியது. கொள்ளும் கேழ்வரகும் விளைகிற கோலார் மண்ணில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, பழைய ஆட்கள் களிக்குக் கொள்ளுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டதை நினைக்காமல் இருக்க முடியாது. எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதும் உண்மை.

மக்கள் சொன்ன காரணங்கள் வேறு: மிளகாய், புளி, ஷிஃப்ட் வேலையால் நேரம் கெட்ட சாப்பாடு, கவலை. மிளகாய் மீதான பழி பெரும்பாலும் வீண்பழி. 1984இல் டெல்லி மருத்துவர்கள் முன்சிறுகுடல் புண் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் நாளுக்கு 3 கிராம் மிளகாய்த்தூளை உணவில் சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கு வாரம் கழித்து எண்டோஸ்கோபி செய்தால் இரு குழுவிலும் புண் ஒரே மாதிரி ஆறியிருந்தது. ஷிஃப்ட் வேலை மீதான சந்தேகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. முன்சிறுகுடல் புண் வெறும் வயிற்றில்தான் வலிக்கும், நடுநிசி தாண்டி இரண்டு மூன்று மணிக்கு எழுப்பும், ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். இரவு ஷிஃப்டில் பூமிக்குள் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் பசியும் வலியும் ஒன்றாக வரும். பசிதான் புண்ணைக் கொடுத்தது என்று அவன் நினைத்ததில் வியப்பில்லை.

உண்மைக் குற்றவாளியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் பிடித்தார்கள். 1982இல், ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தைவிட அதிக நாள் சூட்டுப்பெட்டியில் கிடந்த தட்டில் சுருள் வடிவப் பாக்டீரியா வளர்ந்திருந்தது. அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்று நம்பிய மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமி ஹெலிகோபாக்டர் பைலோரி.

பைலோரி வாழும் விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இரைப்பைச் சாறு இரும்பை அரிக்கும் அமிலம். அதற்குள் விழும் பெரும்பாலான கிருமிகள் செத்துப்போகும். பைலோரியிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் இரைப்பைச் சாற்றில் இயல்பாகவே கொஞ்சம் யூரியா உண்டு. அதை இந்த நொதி பிளந்து அம்மோனியா ஆக்கும். அம்மோனியா அமிலத்தை முறிக்கும். ஆக, தன்னைச் சுற்றி அமிலமில்லாத ஒரு சிறு வளையத்தை உண்டாக்கிக்கொண்டு, வால்களைச் சுழற்றி, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் துளைத்துப் போய்விடும். உள்ளே அமிலமும் குறைவு, உணவோடு அடித்துச்செல்லப்படும் அபாயமும் இல்லை. அங்கேயே பல பத்தாண்டுகள் குடியிருக்கும். இந்த நொதியை வைத்தே அதைக் கண்டுபிடிக்கவும் செய்கிறோம். எண்டோஸ்கோபியில் கிள்ளியெடுத்த அரிசிக் குறுணை அளவு சதையை, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் போட்டால், கிருமி இருந்தால் நிறம் ரோஜாச் சிவப்பாகிவிடும்.

கிருமி இருப்பது இரைப்பையில். புண் வருவது அதைத் தாண்டிய முன்சிறுகுடலில். எப்படி? இரைப்பையின் வாயிலோரத்தில் குடியேறிய கிருமி, அமிலத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைக் குலைக்கிறது. காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து அமிலத்தைப் பெருக்குகிறது. பெருகிய அமிலம் முன்சிறுகுடலுக்குள் வழிகிறது. தன்னைக் காத்துக்கொள்ள முன்சிறுகுடல் தன் உள்தோலை இரைப்பைத் தோலாக மாற்றிக்கொள்கிறது. இரைப்பைத் தோல் எங்கே இருந்தாலும் பைலோரிக்கு அது வீடு. எனவே கிருமி அங்கேயும் குடியேறி, அந்தத் தற்காப்பையே புண்ணாக்குகிறது. அதே கிருமி வாயிலோரத்தில் நிற்காமல் இரைப்பையின் மேல்பகுதிக்கும் பரவினால் கதை தலைகீழ். அமிலம் சுரக்கும் சுரப்பிகள் அழிந்து அமிலம் குறையும். முன்சிறுகுடல் தப்பிக்கும், ஆனால் இரைப்பைப் புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுக்கும் வழி திறக்கும். கிருமி பெற்றவர்களில் புண் வருவது பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் என்பதற்கு, கிருமியின் வகை, குடியேறிய இடம், புகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்த கணக்கு காரணம்.

இந்தக் கிருமி நமக்கு எப்போது வருகிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம். பெரியவர்கள் ஓட்டலில் சாப்பிட்டு வாங்கிக்கொள்வது அபூர்வம். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடுகிறது, அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே: தாயிடமிருந்து, அக்கா அண்ணனிடமிருந்து, எச்சில், வாந்தி, கழுவாத கை வழியாக. ஹைதராபாத்தில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இளமையைத் தொடும் முன்பே பெரும்பாலோருக்குத் தொற்று இருந்தது. 1992இல் பிரிட்டனில் மைக்கேல் மென்டால் குழுவினர் பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சின்ன வயதில் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். நெரிசலான வீடு, வெந்நீர் வசதி இல்லாத வீடு, ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொண்ட குழந்தைப் பருவம் ஆகியவைதான் கிருமியோடு சேர்ந்து வந்தன. இப்போது எவ்வளவு வசதியாக இருக்கிறார்கள் என்பதைவிட அப்போது எத்தனை பேர் ஒன்றாகப் படுத்தார்கள் என்பது வயிற்றில் பதிந்திருந்தது.

இதற்கு முப்பது ஆண்டு முன்பே, கிருமியின் பெயரே தெரியாத 1962இல், மெர்வின் சஸ்ஸரும் ஜீனா ஸ்டைனும் ஒரு கணக்கைக் கவனித்திருந்தார்கள். பிரிட்டனில் புண்ணால் இறந்தவர்களை வயது வாரியாகப் பார்க்காமல், பிறந்த ஆண்டு வாரியாக அடுக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த தலைமுறை, எந்த வயதை எட்டினாலும் புண்ணின் பாரத்தைக் கூடவே சுமந்து சென்றது. அடுத்தடுத்துப் பிறந்தவர்களுக்கு அந்தப் பாரம் குறைந்துகொண்டே வந்தது. அப்படியானால் நாற்பதிலோ ஐம்பதிலோ திரையில் தெரிகிற அந்தக் குழி, அந்த ஆள் ஐந்து வயதில் படுத்துறங்கிய அறையில் தொடங்கியது.

இந்தக் கணக்கை மைன்ஸ் லைன்களில் பொருத்திப் பார்க்கிறேன். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் எடுத்த பிறகு ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள், வரிசை வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் குடியேறினார்கள். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், உரிகம் என்று எந்தப் பக்கம் போனாலும் லைன் வீடு. அப்பா அம்மா, பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மச்சான், எல்லோருக்கும் ஒரே அறை. பாலாற்றின் பேத்தமங்கலா ஏரியிலிருந்து கம்பெனி குழாயில் தண்ணீர் கொண்டுவந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் வந்தது. ஆனால் மின்சாரம் முதலில் போனது சுரங்கத்துக்கு. தொழிலாளியின் அறை பெரிதாகவில்லை. பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம், ஒரு பாயில் நான்கு பிள்ளைகள். பைலோரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாறை வெடிப்பும் சிலிகோசிஸும் சுரங்கம் தந்த கேடுகள் என்று ஊருக்கே தெரியும். அல்சரைக் காரத்தின் மீதும் கோபத்தின் மீதும் குடியின் மீதும் போட்டார்கள், அதாவது நோயாளியின் மீதே போட்டார்கள். அந்த மனிதர்களின் வயிற்றுப் புண்ணில் அந்த அறையின் நெரிசலுக்குப் பெரிய பங்கு இருந்தது என்று நான் நம்புகிறேன். அவர்கள் கேட்டிருக்க வேண்டிய பதில் இது, கேட்காமலே போய்விட்டார்கள்.

பிறகு குடும்பங்கள் சிறுத்தன. பிள்ளைகள் இரண்டாகக் குறைந்தார்கள். வேறு காய்ச்சலுக்கும் சளிக்கும் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகள் போகிற போக்கில் பைலோரியையும் சிலரிடம் அழித்திருக்கும். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் 1976இல் சிமெட்டிடினோடு தொடங்கி, 1980களின் கடைசியில் ஒமெப்ரசோல் வந்ததும் புண்ணுக்கு அறுவை என்பதே அரிதாகிவிட்டது. ஆனால் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் பைலோரி இருக்கிறது. கிருமி அவ்வளவு இருக்க, புண் மட்டும் ஏன் இத்தனை வேகமாக விழுந்தது? டோவே இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். வடக்கிலும் தெற்கிலும் கிருமி ஏறக்குறைய ஒரே அளவு, புண் மட்டும் வேறு. ஆகவே கிருமி ஒன்றே காரணமாக இருக்க முடியாது என்று கடைசிவரை வாதாடினார். அவர் சொன்ன உணவுக் காரணம் முழுதும் சரியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் கேட்ட கேள்வி சரியானது. கிருமியை எரிகிற திரி என்று வைத்துக்கொண்டாலும், வெடிமருந்து வேறெங்கிருந்தோ வந்தது.

இன்று தங்கவயல்காரர் கோலார் தமகாவில் உள்ள தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பெங்களூருக்கோ வேலூருக்கோ போய் எண்டோஸ்கோபி செய்துகொண்டால் திரையில் வருவது பெரும்பாலும் வேறு காட்சிகள்.

முதலில் வலி மாத்திரைப் புண். ஆஸ்பிரின் போன்றவை வலியை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டினைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார்; டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான். இரைப்பையின் சளிப்படலத்தைப் பராமரிப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். முழங்கால் வலிக்காகத் தினமும் விழுங்கும் மாத்திரை, வயிற்றின் காவலையும் கலைத்துவிடுகிறது. இந்தப் புண் பலநேரம் வலிக்காது, அதுதான் அபாயம். தார் போலக் கறுப்பாக மலம் போகும்போதுதான் தெரியவரும். சுரங்கத்தில் முதுகொடிந்த தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டி நிற்கிறது. இதயத்துக்கு ஆஸ்பிரினும் மூட்டுக்கு வலி மாத்திரையும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது உணவுக்குழாயின் அடிப்பகுதியில், அந்த எல்லைக்கோட்டுக்கு மேலே, சிவந்த கீறல்கள். அமிலம் மேலே ஏறிச் சுடுகிறது. 2011இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு 7.6 பேருக்கு இந்த எதுக்களிப்பு நோய் இருந்தது. 2001இல் சுரங்கம் மூடியபின் ஊரின் வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காரப்பேட்டை தாண்டிப் போய், இரவு திரும்பி, பத்து மணிக்கு மேல் அன்றைய ஒரே முழுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு உடனே படுக்கிற வாழ்க்கை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள தசை, இரைப்பை நிறைந்திருக்கும்போது அடிக்கடி தளரும். நிற்கும்போது புவியீர்ப்பு உதவும், படுத்துவிட்டால் அந்த உதவியும் இல்லை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும் என்று மருத்துவர் சொல்வது சரிதான். ரயில் நேரம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இப்படிப்பட்டவருக்கு இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும், தலைப்பக்கம் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும் உண்மையிலேயே உதவும்.

பெரும்பாலோருக்குத் திரையில் ஒன்றுமே தெரியாது. உலகின் பல நாடுகளிலிருந்து திரட்டிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அஜீரணத்துக்காக எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் காணப்படுவதில்லை. ரிப்போர்ட்டில் நார்மல் என்று எழுதியிருக்கும். அதைக் கையில் வாங்கியவர் நிம்மதி அடைவதற்குப் பதில் குழம்புகிறார். அப்படியானால் என் வலி பொய்யா? பொய்யில்லை. காலியான இரைப்பை ஒரு கைப்பிடி அளவுதான். சாப்பாடு இறங்கத் தொடங்கியதும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் விருந்தாளியைக் கண்டு நகர்ந்து இடம் விடுவதுபோல், இரைப்பையின் மேல்பகுதி தானே தளர்ந்து ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பையாகிவிடும். சிலருக்கு இந்தத் தளர்வு நடப்பதில்லை. அதனால் நான்கு கவளத்திலேயே வயிறு அடைத்துக்கொள்கிறது. இன்னும் சிலருக்கு இரைப்பை நரம்புகளின் உணர்வு கூர்மையாகிவிடுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாத விரிவும் அமிலமும் அவர்களுக்கு வலியாகத் தெரியும். மிளகாய் இவர்களுக்கு எரியும். புண் இருப்பதால் அல்ல, காரத்தை உணரும் நரம்பு முனைகள் விழித்தே இருப்பதால். வேலை போனது, கடன், மகளின் கல்யாணம் என்று மனதில் ஓடுவதெல்லாம் அந்த நரம்புகளோடு பேசுகிறது. இதைக் கேமராவால் படம் எடுக்க முடியாது. சிறிய சிறிய வேளைகளாகச் சாப்பிடுவது, கொழுப்பைக் குறைப்பது, பைலோரி இருந்தால் அதற்கான மருந்தை முழுமையாக முடிப்பது, தேவையானால் நரம்பைச் சமன்படுத்தும் சிறு அளவு மருந்து, இவை பலருக்கும் ஆறுதல் தருகின்றன.

நார்மல் என்ற சொல் கிடைக்கும்வரை காத்திருக்காமல் மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பதில்தான் என் பயமெல்லாம். பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் எரிச்சலை அருமையாக அடக்கும். ஆரம்ப நிலைப் புற்றின் எரிச்சலையும் அடக்கும். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் இரைப்பைப் புற்று ஆண்களிடம் முன்வரிசையில் நிற்கும் நோய். வெற்றிலைபாக்கு, புகையிலை, பீடி, சாராயம் எல்லாம் உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழிசெய்பவை. ஐம்பதை நெருங்கும்போது முதல்முறையாக அஜீரணம் தொடங்கினால், விழுங்கும்போது சோறு நின்று நின்று இறங்கினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மலம் கறுத்தால், இனி மெடிக்கல் ஷாப்பில் கேட்க ஒன்றுமில்லை, எண்டோஸ்கோபிதான். அதற்குப் போகும்போது, எந்த மாத்திரையை எத்தனை நாளாகப் போடுகிறோம் என்பதை அட்டையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அமில மாத்திரை உடலில் இருந்தால் பைலோரி இரைப்பையின் மேல்பகுதிக்கு ஒதுங்கிக்கொள்ளும், எண்ணிக்கையும் குறையும். வாயிலோரத்தில் கிள்ளியெடுத்த சதையைப் போட்ட ஜெல் மஞ்சளாகவே இருந்துவிடும். அவசரமில்லாத சோதனை என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரினை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.